கருவியோடு அரை மணி நேரத்தையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் நடைபெறும் முகாம்களில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காதொலிக் கருவிகள் வழங்கப்படும் படங்களைத் தங்கள் நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எழுகிறது. அந்தக் கருவிகளில் எத்தனை ஆறு மாதத்துக்குப் பிறகும் காதில் இருக்கின்றன, எத்தனை பீரோவுக்குள் போய்விட்டன என்பதே அந்தக் கவலை. ஒன்பது ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் இக்கருவியை அணிந்து வருபவன் என்பதாலும், என் முதல் கருவி ஏழு மாதம் பீரோவில் கிடந்தது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை கைத்தறிச் சங்கத்தில் என்றாலும், வளர்ந்தது விசைத்தறிகள் ஓடிய வீட்டில். தறிச் சத்தத்தை நாங்கள் யாரும் சத்தமாகவே நினைத்ததில்லை. அது நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் இத்தகைய பேரொலியைக் கேட்டால் உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரிழை அணுக்கள் அழிகின்றன, அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். பேச்சு காதில் விழும். என்ன பேசினார்கள் என்பது மட்டும் விளங்காது. உறுப்பினர் ஒருவர் ‘பத்து’ என்றாரா ‘பற்று’ என்றாரா என்று தெரியாமல் மறுபடி மறுபடி கேட்டுக் கணக்கு எழுதிய நாட்கள் பல உண்டு.

முதல் கருவியை ஒரு கடையில் வாங்கினேன். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. என் காதுக்கு அளவெடுத்து, காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டு செய்யாமல், கடையில் இருந்த ரப்பர் நுனி ஒன்றைப் பொருத்தி, காலையில் மாட்டுங்கள், இரவில் கழற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலையைத் திருப்பினால் விசில் அடித்தது. சாப்பிடும்போது தாடை அசைந்தால் விசில் அடித்தது. எவர்சில்வர் தட்டு வைக்கும் ஓசை மண்டைக்குள் அறைவதுபோல் இருந்தது. பேட்டரி சொன்ன நாள் வரை வரவில்லை. இரண்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, எனக்கு இது ஒத்துவரவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கழற்றி வைத்துவிட்டேன்.

பின்னர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவித்திறன் சோதனைக்குச் சென்றபோது, அங்கிருந்த செவித்திறன் வல்லுநரான இளம் பெண் ஆடியாலஜிஸ்ட் என்னை உட்காரவைத்துவிட்டு, வெளியே காத்திருந்த என் மனைவியையும் உள்ளே அழைத்து அருகில் அமரச் செய்தார். எனக்கு ஒத்துவராது என்று நான் ஒதுக்கிய அதே கருவியைக் கையில் வாங்கி, புதிய பேட்டரி போட்டு, உள்ளங்கையில் வைத்து மூடினார். அது கீச்சென்று கத்தியது. “ஐயா, இது நல்லா உயிரோடதான் இருக்கு” என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னவற்றைத்தான் இந்த ஒன்பது ஆண்டுகளும் கடைப்பிடித்து வருகிறேன்.

விசில் சத்தம் கருவியின் பழுது அன்று. பெரும்பாலும் காதில் மோல்டு சரியாக உட்காராததன் அறிகுறி. கருவியிலிருந்து காதுக்குள் செல்லும் ஒலி இடைவெளி வழியே கசிந்து, மைக்குக்கே திரும்பிவந்து, மறுபடியும் பெரிதாக்கப்படும்போதுதான் அந்தக் கூச்சல் உண்டாகிறது. மோல்டு காதுக்குள் முழுமையாக அமரவில்லை, மோல்டையும் கருவியையும் இணைக்கும் டியூப் வெடித்திருக்கிறது, காதில் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது வால்யூம் தேவைக்கு மேல் இருக்கிறது என்ற நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒரு கையால் காதை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துக்கொண்டு மற்றொரு கையால் மோல்டைத் திருகி உள்ளே நுழைத்து, அதன் மேல்நுனியைக் காது மடலின் மடிப்புக்குள் செருக வேண்டும். அந்த மேல்நுனி வெளியே துருத்திக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ பெரியவர்களிடம் பார்த்திருக்கிறேன். விரலால் ஒரு முறை அழுத்தியதும் விசில் நின்றுவிடும். இரண்டு காதுக்கும் கருவி வைத்திருப்பவர்கள் வலது இடது மாற்றிவிடக் கூடாது. சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலக் குறி இடது காதுக்கு.

பேட்டரியைப் பற்றி நான் அறியாதிருந்தது பெரும் செலவை இழுத்துவிட்டது. இக்கருவிகளில் போடும் பொத்தான் போன்ற துத்தநாக பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்குவது. 13 எண் பேட்டரியின் மேல் ஆரஞ்சு நிறத்திலும், திறன் கூடிய கருவிகளுக்கான 675 எண் பேட்டரியின் மேல் நீல நிறத்திலும் ஒட்டியிருக்கும் சிறு தாள்தான் அதற்கு மூடி. அதை உரித்தபின் ஒரு நிமிடமாவது காற்றில் வைத்திருந்து பிறகு கருவியில் போட வேண்டும். நானோ உரித்த கையோடு திணித்துக் கருவியின் பேட்டரிக் கதவை மூடிக்கொண்டிருந்தேன். உரித்துவிட்டால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். தாளை மறுபடி ஒட்டிச் சேமிக்க முடியாது. ஆகவே அட்டையில் உள்ள ஆறையும் ஒரே நாளில் உரித்துத் தயாராக வைப்பது வீண். சட்டைப் பையில் சில்லறையோடு போட்டு வைப்பதும் தவறு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய பேட்டரியைக்கூட தரையில் விடக் கூடாது என்பதாகும். ஒரு குழந்தை அதை விழுங்கிவிட்டால், தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வேலூரின் கோடையைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது மடலுக்குப் பின்னால் அமரும் கருவி என்பதால், சித்திரை வைகாசியில் தலையிலிருந்து வழியும் வியர்வை நேரே அதன்மேல்தான் இறங்குகிறது. ஈரமே இக்கருவியின் முதல் எதிரி. இரவில் கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, பேட்டரியைத் தனியே எடுத்துவிட்டு, கருவியை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான சிறு டப்பாவுக்குள் வைக்க வேண்டும். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் அவை இனி ஈரம் உறிஞ்சா. புதிய பொட்டலம் வைக்க வேண்டும். உலரட்டும் என்று வெயிலில் வைப்பதோ, பூட்டிய காருக்குள் விட்டுச் செல்வதோ பிளாஸ்டிக்கையும் உள்ளிருக்கும் பாகங்களையும் கெடுத்துவிடும்.

நம் வீட்டுப் பழக்கங்களில் சிலவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தலைக்கு எண்ணெய் தடவி, முடி வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கையை நன்றாகத் துடைத்த பிறகே கருவியை மாட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயும் பவுடரும் மைக்கின் மிகச் சிறிய துளையை அடைத்துவிடுகின்றன. குளிக்கும்போதும் முடி வெட்டிக்கொள்ளும்போதும் கழற்றிவிட வேண்டும். குறும்பியை எடுக்கிறேன் என்று காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதை யார் காதிலும் செய்யக் கூடாது, கருவி அணிபவர் காதில் நிச்சயமாகக் கூடாது.

மோல்டை மட்டும் கழுவலாம், கழுவவும் வேண்டும். டியூபை, காதின் மேல் மாட்டும் கருவியின் கொக்கியிலிருந்து மெல்லக் கழற்றி, மோல்டையும் அதனோடு ஒட்டியுள்ள டியூபையும் வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே தங்கும் நீரை ரப்பர் பந்து போன்ற ஊதியால் ஊதி வெளியேற்றி, இரவு முழுவதும் காயவிட்டு, காலையில் வளைவு மாறாமல் மீண்டும் பொருத்த வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மோல்டு கெடும். டியூபுக்குள் ஒரே ஒரு நீர்த்துளி நின்றால் போதும், ஒலி முழுவதும் அடைபட்டு, கருவி போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். சில மாதங்களில் டியூப் மஞ்சளித்து இறுகிவிடும். அதை மாற்றச் செலவு மிகக் குறைவு, மாற்றித் தருபவர்தான் அருகில் இல்லை.

கேட்கப் பழகுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்ட உடனே எழுத்து தெளிவதைப்போல் இது உடனே நிகழ்வதில்லை. பல ஆண்டுகளாகச் சில ஒலிகளையே மறந்திருந்த மூளை அவற்றை மறுபடி இனம் கண்டுகொள்ள வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் ஓரிரு மணி நேரம், பிறகு வீட்டார் பலரோடு, அதன் பிறகே கடைத்தெருவும் கல்யாண மண்டபமும் என்று படிப்படியாகப் போக வேண்டும். நான் கருவி அணிந்த முதல் வாரத்திலேயே கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் போய், மேளமும் வெடியும் ஒன்றாக மோதியதில் தலை சுற்றி வீடு திரும்பினேன். வீட்டாரும் ஒன்றைக் கற்க வேண்டும்: கருவி அணிந்தவரிடம் கத்திப் பேசக் கூடாது. முகம் பார்த்து, சற்று நிறுத்தி, இயல்பான குரலில் பேசினால் போதும். தொலைபேசியைக் காதுத் துளையில் வைக்காமல் காதுக்குப் பின்னால் கருவியின் மைக் அருகே சற்று உயர்த்திப் பிடித்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். என் மனைவி பக்கத்தில் இருந்து இதைக் கேட்டிருக்காவிட்டால், நான் மறந்தபோதெல்லாம் நினைவூட்ட ஆள் இருந்திருக்காது.

இனி, என்னை இக்கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். பேரணாம்பட்டை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. ஒரு முகாமில் அவருக்கு இலவசமாகக் கருவி கிடைத்தது. சில வாரம் கழித்து நான் சென்றபோது, அது உறை பிரித்த நிலையில் பித்தளைச் செம்புக்குள் இருந்தது. “இன்னாத்துக்கு தம்பி இது, காதுல விசில் ஊதிக்கினே கீது” என்றார். பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்திருந்ததால் அது கசிந்து பச்சை பூத்திருந்தது. கருவியோடு வந்த கையேடு பொடி ஆங்கில எழுத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முகாமில் வரிசை நீளமாக இருந்ததால் மாட்டிக் காட்டிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்களாம். அங்கே இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை; ஒரே நாளில் அத்தனை பேருக்கு வேறு எப்படிச் செய்ய முடியும்? ஆனால் அக்கா தமக்குக் காது இனி அவ்வளவுதான் என்று முடிவு செய்து, பேரன் பேத்திகள் பேசும்போது சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அளவெடுத்து மோல்டு செய்து, பேட்டரிக் கதவின் உள்ளே படிந்ததைத் துடைத்துச் சரிசெய்து, இரண்டு மாதம் நானும் என் மருமகளும் மாறி மாறிப் போய்ப் பழக்கிய பிறகு, இப்போது அதே கருவியை நாள் முழுவதும் அணிந்திருக்கிறார்.

மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கான வயோஸ்ரீ திட்டம் 2017இல் வந்தது. மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் காதுக்குப் பின்புறம் அணியும் கருவிகளை வழங்கி வருகிறது. கருவிக்குச் செலவிடும் அரசுகளுக்கு, அது பயன்படுவதற்கான சிறு செலவு பெரிதாக இராது. எனவே மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் வாயிலாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முகாமில் கருவி வழங்கும் நாளுக்கு முன்பே காதில் அச்சு எடுத்து, கருவியோடு அவரவர் காதுக்குரிய மோல்டையும் தர வேண்டும். பெறுபவரோடு வீட்டார் ஒருவரையும் அமர்த்தி, அரை மணி நேரம் தமிழில் செய்து காட்டி, அவர்களையே மாட்டவும் கழற்றவும் பேட்டரி மாற்றவும் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பெரிய எழுத்தும் படங்களும் கொண்ட ஒரே தாள் குறிப்பு கையேட்டுக்குப் பதிலாகப் போதும்.

இவற்றைவிட அவசரமானது, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் ஒரு ஆடியாலஜிஸ்ட் வந்து அமர்வதாகும். பத்து நிமிட வேலையான டியூப் மாற்றுதலுக்காக ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்தும் பேரணாம்பட்டின் எல்லைக் கிராமங்களிலிருந்தும் ஒரு முதியவர் ஒரு நாள் கூலியை இழந்த மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வேலூருக்கு வர வேண்டியிருக்கிறது. பலர் வருவதில்லை; கருவி செம்புக்குள் போய்விடுகிறது. மருந்துக் கடைக்காரர்களும் 13, 675 ஆகிய இரண்டு எண் பேட்டரிகளையாவது வாங்கி வைக்க முன்வர வேண்டும். குடியாத்தத்தில் எனக்கு வேண்டிய கடைக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டதன்பேரில் வைக்கத் தொடங்கினார். இப்போது மாதந்தோறும் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடுத்த முகாமின் செய்தியை வெளியிடும்போது, கருவி பெற்றவர் எண்ணிக்கையோடு, அவர்கள் டியூப் மாற்றவும் பழுது பார்க்கவும் எங்கே, எந்த நாளில் செல்ல வேண்டும் என்ற ஒரு வரியையும் அதிகாரிகளிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.