அகலக்கால் வைக்கத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தேக்காவில் வேலை முடிந்து காப்பிக்கடையின் மூலை மேசையில் கூடும் தம்பிகளே,

போன வியாழக்கிழமை உங்களில் ஒருவர் கைப்பேசியை என் தே கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "அண்ணே, இணையப் போக்கரில் பத்துக் காசு மேசையில் மூன்று வாரமாக ஜெயித்துக்கொண்டே இருக்கிறேன். இருபத்தைந்துக்கு ஏறலாமா?" என்று கேட்டார். நான் பரோட்டாவைப் பிய்த்தபடி பேச்சை மாற்றிவிட்டேன். அது கோழைத்தனம். அதற்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத இணையத்தளத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே சிங்கப்பூரில் இருந்துகொண்டு கேட்டால் என் பதில்: ஏறவும் வேண்டாம், இருக்கும் மேசையில் உட்காரவும் வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் தலையாட்டிவிட்டு இரவே மறுபடி உட்காருவீர்கள், தெரியும். சூதாடி வேறு, நாங்கள் வேறு என்பது உங்கள் நினைப்பு; திறமையால் ஜெயிக்கிறோம் என்கிறீர்கள். போக்கரில் திறமை உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் திறமைக்காரன் போடும் கணக்கையே போடுவோம்.

பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டுப் பார்க்குமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; பத்துக் காசு மேசையில் அது பத்துக் காசு. நூறு ஆட்டத்துக்கு ஐந்து பெரிய பிளைண்ட் லாபம் பார்ப்பவர் நல்ல ஆட்டக்காரர். அதே நூறு ஆட்டத்தில் சீட்டு விழும் விதத்தால் வரும் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மேலும் கீழும் ஆடும் அளவு, தொண்ணூறு பெரிய பிளைண்ட் அளவுக்கு இருக்கும். லாபம் ஐந்து, ஆட்டம் காட்டுவது தொண்ணூறு! 20,000 ஆட்டம் ஆடி ஐந்து என்று திரை காட்டினால், உங்கள் உண்மையான தரம் எட்டு நட்டம் முதல் பதினெட்டு லாபம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு லட்சம் ஆட்டத்துக்குப் பிறகும் அந்த வரம்பின் கீழ்முனை நட்டத்தில்தான் நிற்கிறது. நான்கு மேசைகளில் மணிக்கு முந்நூறு ஆட்டம் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்கு 330 மணிநேரத்துக்கு மேல் வேண்டும். மூன்று வாரமாம்!

அடுத்தது கையிருப்பு. மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் ஒரு மேசைப்பணம் என்பது நூறு பெரிய பிளைண்ட். இருபத்தைந்து காசு மேசையில் 25 டாலர். பத்து மேசைப்பணத்தோடு உட்கார்ந்தால் மேலே சொன்ன அந்த நல்ல ஆட்டக்காரரே என்றாவது ஓட்டாண்டியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 29. முப்பது இருந்தால் இரண்டரை. இதனால்தான் 750 டாலர் சேராமல் அந்த மேசைப் பக்கம் போகாதே என்கிறார்கள். ஆனால் மேல் மேசையில் இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் லாபம் அங்கே ஐந்திலிருந்து இரண்டாகச் சரிந்தால், அதே முப்பதை வைத்திருந்தும் வாய்ப்பு 23 ஆகிவிடுகிறது. கீழே எடுத்த மதிப்பெண்ணை மேலே செல்லுபடியாகும் என்று நம்புவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

நானும் சறுக்கினேன். மான்செஸ்டரில் வேலை பார்த்த நாட்களில், அங்கே உரிமம் பெற்ற தளத்தில் ஆடினேன். நோட்டில் "750 வந்தால் ஏறு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். எத்தனைக்குக் கீழே போனால் இறங்குவது என்பதை எழுதவில்லை. ஏறிய ஐந்தாம் இரவு என் ராஜா ஜோடியை ஒருவர் ஏழு ஜோடியால் எதிர்த்தார். கடைசிச் சீட்டாக இஸ்பேடு ஏழு விழுந்தது; அவருக்கு மூன்று ஏழு, நான் தோற்றேன். கையிருப்பு 480. இறங்கியிருக்க வேண்டும். இறங்கினால் மூன்று மாத உழைப்பும் வீண் என்று தோன்றியது. விட்டதைப் பிடிக்க ஐம்பது காசு மேசைக்கு ஏறினேன். விடிந்தபோது 60 இருந்தது. கணக்கை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் உலகப் போக்கர் வாகையர் கிறிஸ் ஃபெர்குசன், 2006இல் சல்லிக்காசு போடாமல் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பதாக இறங்கினார். கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை என்பது அவர் விதி. வாகையருக்கே ஒன்றரை ஆண்டு பிடித்தது. அவர் ஆடிய ஃபுல் டில்ட் தளத்தை 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு முடக்கியபோது, ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர அதனிடம் பணம் இல்லை. அமெரிக்கர்களுக்கு 2014இல்தான் கைக்கு வரத் தொடங்கியது. அங்கே வழக்குப் போட ஓர் அரசு இருந்தது. நீங்கள் ஆடும் தளம் கையை விரித்தால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? தட்டினால் முதலில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். குடும்பமும் நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் ஆடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. நடத்துபவர் கமிஷன் எடுக்கக் கூடாது, நானும் எடுக்கமாட்டேன். ஐந்து காசு மேசை. ஆளுக்கொரு நோட்டு கொண்டுவர வேண்டும், இறங்கும் எண்ணை முதல் பக்கத்தில் எழுதி. பத்துக் காசுக்கு ஏற விரும்புபவர் அந்த நோட்டை என் மனைவியிடம் காட்ட வேண்டும். அவர் கணக்கியல் படித்தவர். இதுவரை யாரையும் ஏறவிட்டதில்லை.

அன்புடன்,
மூலை மேசை அண்ணன்