மில் நிற்காமல் ஸ்கீமா சேர்ப்பது

திருப்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது என்று எழுதியிருந்தாய். விலை படியும்வரை மாமா குடோனிலேயே வைத்திருக்கட்டும். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

மூன்று ஷிப்டும் ஓடுகிற மில்லில், ஆட்களின் பதிவுகளையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிற ஓப்பன்எல்டாப் சர்வரை நிறுத்தாமல், ஆட்களின் பதிவில் ஷிப்டையும் விடுதி அறை எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக முடியும். உங்கள் சர்வரின் அமைப்பு, ஓடும்போதே மாற்றக்கூடிய 'சிஎன்=கான்ஃபிக்' முறையில் இருந்தால், எல்டாப்ஆட் கட்டளை கொடுத்த கணமே புது ஸ்கீமா, அதாவது பதிவில் என்னென்ன விவரம் இருக்கலாம் என்ற விதி, நடப்புக்கு வந்துவிடும். ஸ்லாப்ட்.கான்ஃப் என்ற பழைய அமைப்புக் கோப்பில் ஓடினால்தான் ரீஸ்டார்ட் வேண்டும்.

சேர்ப்பது சுலபம், திரும்ப எடுப்பதுதான் பெரும்பாடு. அதனால் சேர்ப்பதையே குறைத்துக்கொள். அறை எண்ணுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ஆட்களின் பதிவுக்கென்றே உள்ள இனெட்ஆர்க்பர்சன் என்ற பொதுவான கிளாஸில் (பதிவு வகையில்) 'ரூம்நம்பர்' 2000 முதலே இருக்கிறது. ஷிப்டுக்கு மட்டும் ஓர் அட்ரிபியூட் (விவரப் புலம்) போதும். பெயருக்கு முன்னால் மில்லின் சுருக்கப் பெயரைச் சேர், நாளை வேறொரு ஸ்கீமாவோடு மோதாது.

இனெட்ஆர்க்பர்சனில் கை வைக்காதே. தனியாக ஓர் ஆக்ஸிலரி (துணை) கிளாஸ் எழுதி, ஷிப்டை அதில் 'மே' (இருக்கலாம்) என்றே போடு. ஏற்கனவே ஆட்கள் இருக்கிற கிளாஸில் 'மஸ்ட்' (கட்டாயம் வேண்டும்) சேர்த்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி ஷிப்டில் யாரோ ஒருவர் பாஸ்வேர்டை மாற்றப்போவார். அவர் பதிவில் ஷிப்ட் இருக்காது. 65 என்ற பிழை எண்ணைக் காட்டி சர்வர் மறுத்துவிடும். பாஸ்வேர்டுக்கும் ஷிப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விடிய விடியத் தேட வேண்டியிருக்கும்.

அட்ரிபியூட்டுக்கும் கிளாஸுக்கும் கொடுக்கிற அடையாள எண்ணான ஓஐடி விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். அது நிலத்துக்கு சர்வே எண் மாதிரி. எங்கோ மாதிரிக் கோப்பில் கண்ட எண்ணை எடுத்துப் போடக் கூடாது. இணைய எண்களை ஒதுக்குகிற ஐயானா அமைப்பிடம் விண்ணப்பித்தால் 1.3.6.1.4.1 என்ற கிளையின் கீழ் மில்லுக்கென்று ஓர் எண் இலவசமாகவே கிடைக்கும்.

பிரதி சர்வர்கள் இருந்தால் முதலில் அவற்றில் ஸ்கீமாவை ஏற்று, முதன்மை சர்வரில் கடைசியாக. ஸ்கீமா இருக்கிற கான்ஃபிக் கிளை தானாகப் பிரதியாகும் என்று நம்பி இருந்துவிடாதே. தொடங்குமுன் 'ஸ்லாப்கேட் -என் 0' என்ற கட்டளை கொடுத்து அந்தக் கிளைக்கு ஒரு நகல் எடுத்துக்கொள். ஷிப்டை வைத்துத் தேடுவீர்கள் என்பதால், ஆட்களுக்கு அதை நிரப்புமுன்பே, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸையும் போட்டுவிடு.

பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கு வருகிறேன். அதற்குள் ஐயானா விண்ணப்பத்தைப் போட்டுவிடு. ஸ்கீமா கோப்பை எழுதி வைத்திரு, ஏற்றுமுன் இருவரும் உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடலாம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை