பூனைக்கும் எலிக்கும் பேச்சு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன்கள் இப்போது தமிழ்ப் பேச்சோடு கிடைப்பதைப் பாராட்டி, சென்ற வாரச் சிறுவர் இணைப்பில் நாலு வரி போட்டிருந்தீர்கள். படித்துவிட்டுப் பேரனின் செல்போனை வாங்கி நானும் ஒன்று பார்த்தேன். பூனை ஓடுகிறது. "ஐயோ, ஓடுறேனே!" என்று ஒரு குரல். பூனை கதவில் மோதுகிறது. "அம்மா, மோதிட்டேனே!" என்று அதே குரல். மோதியதைத்தான் நான் பார்த்துவிட்டேனே, அதை எனக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா? பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வயசான காலத்தில் இவருக்கு ஏன் இந்த வம்பு என்று நீங்கள் கேட்கலாம். 1995 இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது நான் கோத்தகிரிப் பக்கம் கேபிள்காரன். ஒரு பெரிய டிஷ், தகரக் கூரை போட்ட கன்ட்ரோல் ரூம், நூற்றுச் சொச்சம் கனெக்ஷன். தேயிலைச் சரிவில் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் வயரை இழுத்துக் கட்டி வீட்டுக்கு வீடு கொண்டுபோனேன். மேலே ஹட்டி என்கிற படுகர் ஊர். கீழே இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் லயன் என்கிற வரிசை வீடுகள். ரோட்டோரம் மலையாளி ஒருவரின் டீக்கடை. கன்னடம் பேசும் குடும்பம் ஒன்றும் உண்டு. ஒருவருக்குப் பிடித்த சேனல் இன்னொருவருக்கு ஆகாது. மலையாளச் சேனலை ஏன் எடுத்தாய், பழைய பாட்டு ஏன் வரவில்லை என்று மாதச் சந்தா வாங்கப் போகிற இடத்திலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பூனையும் எலியும் ஓடுகிற நேரத்துக்கு மட்டும் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. சேனல் முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் அது யாருக்கும் ஒரு குறையாகவே தெரியவில்லை. சாயங்காலம் பச்சை இலையை எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு டீக்கடை டி.வி.யைப் பார்த்து நிற்பார்கள். வெள்ளை முண்டு கட்டிய ஒரு படுகப் பாட்டி, செய்தி என்றால் எழுந்து போய்விடுவார், இதற்கு மட்டும் முன்வரிசை. டாம் கையை ஓங்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். கடைக்காரரும் அதே இடத்தில் சிரிப்பார். நாலு பாஷை பேசுகிறவர்கள் ஒரே நொடியில் சிரித்ததை நான் வேறு எந்த நிகழ்ச்சியிலும் பார்த்ததில்லை. இரவில் அதே சேனல் பழைய ஆங்கிலப் படங்களுக்கு மாறிவிடும், கூட்டமும் கலைந்துவிடும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், நான் டாம் கட்சி. ஊரே எலி பக்கம் நின்றாலும் கேபிள்காரன் நிற்க முடியாது. லைனை அறுக்கக் குரங்கு, மலை அணில், ராத்திரியில் கம்பத்தில் முதுகு தேய்க்கிற காட்டு மாடு எல்லாம் உண்டு. ஆனாலும் என்னைப் படுத்தியது கன்ட்ரோல் ரூம் எலிதான். ஒருநாள் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வயரைக் கடித்துவிட்டது, கீழ் லைன் முழுக்கப் புள்ளிப் புள்ளியாய்ப் போனது. மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பொடியன் சொன்னான்: "கேபிள் அண்ணா, சீக்கிரம் வாங்க, எலி வரல!" எலி வந்ததால்தான் எலி வரவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பொறியில் மசால்வடை வைத்தேன். வடை போனது, பொறி மூடவில்லை. தேங்காய்ச் சில் வைத்தேன். அதுவும் போனது. எலி பிடிக்கும் புத்தகம் ஒன்றை வாங்கி, அதில் சொன்ன வழியையெல்லாம் டாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து அடிபடுகிற படம் ஒன்று இருக்கிறது, 1944 இல் வந்தது, ஆஸ்கரும் வாங்கியது. அதைப் பார்த்து எல்லோரும் உருண்டார்கள். எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் பேச்சு இல்லை என்று பார்த்துவிட்டு, தமிழ்ப் பேச்சு சேர்ப்பவர்கள் அந்த இடம் காலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது காலியே இல்லை. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114 குறும்படங்கள், பெரும்பாலும் ஏழெட்டு நிமிடம். ஏழு படங்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த 114-இல் அநேகமாக எல்லாவற்றுக்கும் இசை ஸ்காட் பிராட்லி. தினமும் தலைப்பில் ஓடி ஓடி எனக்குப் பாடமாகிவிட்ட பெயர் அது. பூனை பம்மிப் பம்மி நடந்தால் அடிக்கு ஒரு ஸ்வரம், எலி சறுக்கினால் அதற்கும் ஒன்று. ஓடிக்கொண்டே இருக்கிற இசை சட்டென்று நின்றால், அடி விழப் போகிறது என்று அர்த்தம். பாட்டி முன்கூட்டியே சிரித்தது இதைக் கேட்டுத்தான். டாம் அலறுகிறதே, அந்த அலறலும் இயக்குநர் ஹன்னாவின் தொண்டையிலிருந்து வந்ததுதான்.

டாம் கோட்டு போட்டுக்கொண்டு பியானோ வாசிக்க, உள்ளே தூங்கும் ஜெர்ரி விழித்துக்கொள்ளும் படத்தை நினைத்துப் பாருங்கள். அவன் வாசிப்பது ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஹங்கேரிய ராப்சடி, இரண்டாவது. அதன் மேல் ஒருவர் "டேய் எலி, மாட்டுனடா" என்று பேசினால் என்ன மிஞ்சும்? கச்சேரி நடக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் ராகம் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி. அதுவும் குரல் வருகிற இடத்திலெல்லாம் இசையைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஆடியோ லெவலோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன், எனக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எதையுமே தமிழில் தரக் கூடாது என்று சொல்பவனல்ல நான். பக்ஸ் பன்னி முயல் ஒரு வாயாடி. மெல் பிளாங்க் கொடுத்த குரலிலும் கிண்டலிலும்தான் அதன் உயிரே இருக்கிறது. நல்ல தமிழ் நக்கலோடு அதைப் பேச வைத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லாபம். டாம் படங்களிலும் காலை மட்டும் காட்டி அதட்டுகிற வீட்டுக்காரம்மா உண்டு, அவருக்குத் தமிழ் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வாயைத் திறக்காத இரண்டு பிராணிகளுக்கு வசனம் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் செல்போனில் ஒலியை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. பேரன்தான் கண்டுபிடித்தான். பழைய ஒலிக்கு மாற்றினோம். அடுப்படியில் இருந்த என் மனைவி திரையைப் பார்க்கவே இல்லை, இசையைக் கேட்டுவிட்டு, "விழுந்துட்டானா?" என்றாள்.

உங்கள் அடுத்த சிறுவர் இணைப்பில், மூல ஒலியிலும் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கேபிள்காரன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.