அண்ணனின் இடது பக்கம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். இடது கையில் ஆரம்பித்த நடுக்கம், இப்போது இடது காலையும் இழுக்கிறது. வலது பக்கம் ஓரளவு பரவாயில்லை. அண்ணனுக்கு வந்திருக்கும் இந்தப் பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் இப்படி ஒரு பக்கமாகத்தான் வருமாம். நடுமூளையில், உடம்பின் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருபுறமும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. மூளையின் வலப்புறம்தான் உடம்பின் இடப்புறத்தை இயக்குகிறது, அதனால் வலப்புறம் அதிகம் அழிந்தால் இடது கை ஆடும். பிறகு மறுபக்கம் பரவினாலும், முதலில் பிடித்த பக்கமே பொதுவாக அதிகம் படுத்தும்.

"கை போனால் போகட்டும், புத்தியுமா போகும்?" என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே பயம்தான், டாக்டரிடம் கேட்டேன். இடது பக்கம் நோய் தொடங்கியவர்களுக்கு இடம், தூரம், வடிவம் கணிப்பதில் தடுமாற்றம் வரலாம். வலது பக்கம் தொடங்கியவர்களுக்குச் சொல் கிடைக்காமல் திணறுவதும், கேட்டதை மறப்பதும் கொஞ்சம் கூடலாம் என்றார். அண்ணன் விஷயத்தில் அது சரியாகத்தான் இருக்கிறது. இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடிக்கிறது. கடிகாரம் வரையச் சொன்னபோது எண்களை எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கிவிட்டார். பேச்சில் மட்டும் ஒரு குறையும் இல்லை, வம்பளப்பு உட்பட!

ஆனால் இதை ஜாதகம் போல எடுத்துக்கொள்ளாதே. எல்லா ஆய்வுகளிலும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. வயதும், நோய் வந்து எத்தனை வருஷம் என்பதும் பக்கத்தைவிடப் பெரிய விஷயம். நடுக்கம் மேலோங்கியவர்களைவிட, விறைப்பும் நடைத் தடுமாற்றமும் மேலோங்கியவர்களுக்குத்தான் யோசிக்கும் திறன் சீக்கிரம் குறைகிறதாம்.

எந்தப் பக்கமானாலும் பொதுவாக வரும் தொல்லை வேறு. ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இரண்டையும் ஒன்றாகக் கவனிப்பது எல்லாம் மந்தமாகிவிடும். நடந்துகொண்டே பேசச் சொன்னால் அண்ணன் நின்றுவிடுகிறார். அண்ணி இதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறார், வீட்டில் பாதிச் சத்தம் குறைந்திருக்கிறது.

அக்காவுக்கும் இதே நோய், வலது கையில் ஆரம்பித்தது என்று எழுதியிருந்தாய். பெயர்கள் மறக்கிறார் என்றால் உடனே நோயின் தலையில் போடாதே. தூக்கமின்மையும் மனச்சோர்வும் இந்த நோயோடு கூடவே வருபவை, இரண்டும் மறதியைக் கூட்டும். அப்புறம், மருந்துச் சீட்டில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கிறதா என்று பார். நடுக்கத்துக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரும். இருந்தால் டாக்டரிடம் கேள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தை மாதம் வருவதாகச் சொன்னாயே, அக்காவையும் அழைத்து வா. அண்ணனுக்குப் பேச ஆள் வேண்டும்.

அன்புடன்,
ராகவன்