படத்தில் இருப்பவர்களையும் உள்ளே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூகப் பிரச்சினைகளை வைத்துக் கல்லூரிகள் ஓவியக் கண்காட்சி நடத்துவது நல்ல விஷயம்தான், ஆனால் யாருக்காக நடத்துகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சமீபத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஓவியம் படிக்க அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோதான் போக வேண்டும். இங்கே வரைந்தவர்கள் எல்லாம் பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகள். பூச்சாடியும் சூரிய உதயமுமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளை, நிறம் நிறமாக, ஒரு வகுப்பறை பெஞ்சைச் சுற்றி யாரும் உட்கார முடியாதபடி இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லை. நம்ம ஊர்க்காரனுக்கு அதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள், அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை இந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அந்த அறிக்கையை எட்டாம் வகுப்புப் பையன் படிக்கப் போவதில்லை, பெஞ்சைப் பார்த்தால் அவனுக்குப் புரியும்.

ஆனால் அவன் எப்படி வருவான்? வேலை நாளில், காலை பத்திலிருந்து மூன்று மணி வரை, செமினார் ஹாலில் நடக்கிறது. கேட்டில் அடையாள அட்டை கேட்கிறார்கள். இரண்டே நாளில் எல்லாவற்றையும் கழற்றியும் விட்டார்கள்.

இன்னொரு படம், சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு அம்மாவின் கைகள், கரிக்கோட்டில், ஆளுயரத்துக்கு. வரைந்த பெண் முக்கூடல் பக்கம். அது அவள் அம்மாவின் கைதானாம். அம்மா வந்து பார்த்தார்களா என்று கேட்டேன். “போன்ல காட்டுனேன் சார். இங்க வந்தா அன்னைக்குப் பீடி யாரு சுத்துவா?” என்றாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு ஒரு நாள் போனால் போனதுதான்.

1943-ல் வங்கப் பஞ்சத்தின்போது சித்தப்ரசாத் என்ற ஓவியர் மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பட்டினி கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அவை பத்திரிகையில் வந்தன, புத்தகமாகவும் வந்தன. பிரிட்டிஷ் அரசு அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்து அழித்தது. ஹாலுக்குள்ளேயே இருந்துவிட்ட படங்களுக்காக எந்த அரசாவது அவ்வளவு மெனக்கெட்டிருக்குமா?

சாதி பற்றிய படம், வெளியாட்கள் வந்தால் வம்பு என்று கல்லூரி நிர்வாகங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது, இந்த மாவட்டத்தில் அது வீண் பயமும் இல்லை. சரி, பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள். ஒரு சனி, ஞாயிறாவது சேர்த்து ஒரு வாரம் வையுங்கள், மாலை ஏழு மணி வரை. பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு பகுதி பகுதியாக அழைத்து வரலாம். உங்கள் நாளிதழும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரி போட்டால் புண்ணியமாகப் போகும். கல்லூரிக்குள் முடியவே முடியாது என்றால், பாளையங்கோட்டையிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே இடம் கேட்டுப் பார்க்கலாமே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருமாள்புரம்.