ஏரிகளின் மீத்தேனை மாதந்தோறும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையையும் செங்கல்பட்டையும் சூழ்ந்துள்ள ஏரிகள், சதுப்புநிலங்கள் ஆகியவற்றின் ஆக்கிரமிப்பு, வெள்ளம், வலசைப் பறவைகள் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதிவருவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அதே நீர்நிலைகளிலிருந்து மீத்தேன் வாயுவும் வெளியேறுகிறது. அது ஆண்டின் எந்தக் காலத்தில் கூடுகிறது, எப்போது தணிகிறது, அந்தப் போக்கை நாம் எவ்வாறு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பவை பற்றித் தமிழில் போதிய பேச்சு எழவில்லை. பல ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நீரடிச் சேற்றில் உயிர்வளி (ஆக்சிஜன்) தீர்ந்துபோன இடத்தில், மட்கும் இலைதழைகளையும் பிற உயிர்க் கழிவுகளையும் கொண்டு ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இத்தாலியின் மாஜியோரே ஏரிக்கரைச் சதுப்பில் குமிழியிட்ட இந்த எரிவாயுவை அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1776-ஆம் ஆண்டிலேயே சேகரித்து ஆராய்ந்தார். இயற்கையான மீத்தேன் மூலங்களில் ஈரநிலங்களே மிகப் பெரியவை. இவ்வாயு வளிமண்டலத்தில் சுமார் பத்தாண்டுகளே தங்கினாலும், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் நூறு கோடிக்குச் சுமார் 700 பங்கு என்றிருந்த அதன் அளவு இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. 1983-இல் முறையான உலகளாவிய அளவீடு தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத வேகத்தில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அது உயர்ந்தது. பெருந்தொற்றால் தொழில்கள் முடங்கிய ஆண்டிலேயே இப்படி உயர்ந்ததற்கு, வெப்பமண்டல ஈரநிலங்களில் வழக்கத்தைவிட மிகுதியாகப் பெய்த மழையும் ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வட ஐரோப்பா, கனடா, சைபீரியா ஆகிய பகுதிகளின் சதுப்புகளில் பருவத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் வெப்பமே. அங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மீத்தேன் உச்சத்தை அடைகிறது. இலையுதிர் காலத்தில் மேல்மண் உறையத் தொடங்கிய பின்னும் அடிமண் உறையாமல் இருக்கும் வரை வாயு கசிந்துகொண்டே இருக்கும். அலாஸ்காவின் தூந்திரப் பகுதியில் ஆண்டு மொத்தத்தில் ஏறத்தாழ பாதி, செப்டம்பர் முதல் மே வரையிலான குளிர் மாதங்களிலேயே வெளியேறுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோடையில் மட்டும் அளந்து கணக்கிட்டிருந்தவர்கள் அந்தப் பாதியைத் தவறவிட்டிருந்தார்கள். தெற்கு சூடானின் சுத் சதுப்பு, அமேசான் வெள்ளச் சமவெளி போன்ற வெப்பமண்டல ஈரநிலங்களிலோ சேறு ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருப்பதால், வெள்ளம் எவ்வளவு பரப்பில், எத்தனை காலம் தேங்குகிறது என்பதே மீத்தேனின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டின் ஏரிகள் இவ்விரண்டு வகையிலும் முழுமையாக அடங்கமாட்டா. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அப்போது நீரும் வெப்பமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. நமக்கோ ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் காலம், ஆண்டின் குளிர்ந்த மாதங்களை ஒட்டியே வருகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில் மானாவாரி ஏரியின் உள்வாய் வெடித்துக் கிடக்கிறது. நீரின் உச்சமும் வெப்பத்தின் உச்சமும் இங்கே ஆறு மாத இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே, வடக்கத்திச் சதுப்புகளுக்கென்று வகுத்த வாய்பாட்டையோ, தென்மேற்குப் பருவத்தை வைத்துக் கணித்த ஆண்டுச் சராசரியையோ நம் ஏரிகளுக்குப் பொருத்தினால் விடை பிழையாகவே வரும்.

ஏரியின் ஓராண்டுச் சுழற்சியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கோடையில் வறண்ட சேற்றின் வெடிப்புகள் வழியே காற்று உள்ளே புகும்போது, மண்ணிலுள்ள இரும்பும் கந்தகமும் உயிர்வளியோடு சேர்ந்து மீண்டும் துருவாகவும் சல்பேட்டாகவும் மாறுகின்றன. முதல் மழையில் ஏரி நனைந்தவுடன் மீத்தேன் பொங்கிவிடுவதில்லை. துருவையும் சல்பேட்டையும் பயன்படுத்தும் வேறு நுண்ணுயிர்களே உணவுக்கான போட்டியில் முந்திக்கொள்கின்றன. அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான், அதாவது சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத்தான், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் முறை வருகிறது. மார்கழி, தை மாதங்களில் நீர் ஆழமாக இருப்பதால், சேற்றிலிருந்து கரைந்து மேலேறும் மீத்தேனில் கணிசமான பகுதியை மேல்நீரிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் உண்டுவிடுகின்றன. ஆயினும் கரையோரச் சம்பும் கோரையும் அல்லியும் தம் தண்டின் காற்றறைகள் வழியே சேற்றிலிருந்து நேராக வானுக்கு ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன.

மாசி, பங்குனியில் மதகு வழிப் பாசனத்தாலும் ஆவியாதலாலும் நீர்மட்டம் இறங்கும்போது நிலைமை மாறுகிறது. சேற்றின் மேல் அழுத்திக்கொண்டிருந்த நீரின் பாரம் குறைகிறது. சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் குமிழ்கள் கிளம்புவதைப் போல, அடியில் அடைபட்டிருந்த வாயு குமிழிகளாக எழுகிறது. ஆழம் குறைந்த நீரில் குமிழிகள் விரைந்து மேலேறிவிடுவதால், இடையில் அதை உண்ணும் பாக்டீரியாக்களுக்கு வாய்ப்பே இல்லை. நீர் ஒடுங்கும்போது செத்து மடியும் பாசியும் நீர்ச்செடிகளும் சேற்றுக்கு உணவாகின்றன. வெப்பமும் நாளுக்கு நாள் ஏறுகிறது. நம் மானாவாரி ஏரிகளில் மீத்தேன் உச்சம் நீர் நிறைந்த கார்த்திகையில் அல்லாமல், நீர் வற்றத் தொடங்கும் இந்த இடைக்காலத்திலேயே இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. இதை உறுதிசெய்ய ஓர் ஏரியையேனும் ஓராண்டு முழுவதும் அளந்து பார்க்க வேண்டும்.

ஏரி வறண்டுவிட்டால், கோடை முடியும்வரை அந்தச் சேறு மீத்தேன் விடுவது ஏறத்தாழ நின்றுபோகிறது. இந்த ஓய்வை நம் உழவர்கள் வயலில் நன்கறிவார்கள். நெல்லுக்கு எப்போதும் நீரைத் தேக்கிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை தண்ணீரை மிச்சப்படுத்துவதோடு, வயலின் மீத்தேனையும் பெருமளவு குறைக்கிறது என்பது பல நாடுகளில் அளந்து நிறுவப்பட்ட உண்மை. ஏரிக்கு அந்தக் காய்ச்சலை இயற்கை தானாகவே ஆண்டுதோறும் அளித்துவந்தது.

சென்னைப் புறநகரிலும் பிற மாநகரங்களின் விளிம்பிலும் உள்ள பல ஏரிகளில் இப்போது அந்தக் காய்ச்சல் காலமே இல்லாமல் போய்விட்டது. வரத்துக்கால்வாய் வழியே மழைநீர் வந்ததுபோய், ஆண்டு முழுவதும் வீட்டுக் கழிவுநீர் வந்து சேர்கிறது. கத்திரி வெயிலிலும் ஏரி வற்றாமல், கருத்த, ஆழமற்ற, உயிர்வளி தீர்ந்த நீராகத் தேங்கி நிற்கிறது. நுண்ணுயிர்களுக்கு உணவு கழிவாக நாள்தோறும் கிடைக்கிறது, வெப்பமும் கிடைக்கிறது, சேற்றுக்குள் காற்று புக வழியே இல்லை. ஆறு மாத இடைவெளியில் இயற்கை பிரித்து வைத்திருந்த நீரையும் வெப்பத்தையும் நாமே ஒன்றாகச் சேர்த்துவைத்து, போதாக்குறைக்கு எருவும் இட்டுக்கொண்டிருக்கிறோம். தென்னிந்தியக் கரையோர ஈரநிலங்களில் அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்த அளவீடுகளில், கழிவு கலந்த அடையாறு போன்ற இடங்கள் மற்றவற்றைவிடப் பன்மடங்கு மீத்தேனை வெளியிடுவது தெரியவந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் ஏரிகளுக்குள் கழிவுநீர் வருவது நிற்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இதைப் படிப்பவர்களில் சிலர், மீத்தேன் விடும் சதுப்பை மூடிவிட்டால் நல்லதுதானே என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்பதற்கு இந்தக் கடிதம் துணைபோகக் கூடாது என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சதுப்புச் சேற்றில் நூற்றாண்டுகளாகப் புதைந்திருக்கும் கரிமம் (கார்பன்), நீரை வடித்துவிட்டால் கரியமில வாயுவாக வெளியேறும். நிலத்தடி நீர்ச் சேகரிப்பும் வெள்ளத் தடுப்பும் பறவைகளின் வாழிடமும் அதோடு போய்விடும். ஏரி வற்றுவது நல்லது என்பதற்காக அதை வலிந்து வற்றச் செய்யவும் வேண்டியதில்லை. மழையில் நிரம்பி, வெயிலில் தணியும் அதன் சொந்தச் சுழற்சியைத் திருப்பிக் கொடுத்தாலே போதும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இன்று இந்தியாவிலேயே மிகுதியான ராம்சர் தலங்களைக் கொண்ட மாநிலம் தமிழ்நாடு. அதே 2022-இல் தமிழ்நாடு ஈரநில இயக்கமும் தொடங்கப்பட்டது. இவை போற்றத்தக்க முயற்சிகள். இனி இவற்றின் பணிகளில் மீத்தேன் அளவீடும் இடம்பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஏதோ ஒரு நாள் பகலில் நீரின் மேல் கூண்டைக் கவிழ்த்து வாயுவை எடுத்து, கிடைத்த எண்ணை 365-ஆல் பெருக்கும் அளவீடு பயன்படாது. மழை தொடங்கிய முதல் வாரங்கள், ஏரி நிரம்பிய காலம், நீர் இறங்கும் மாசி, பங்குனி, வறண்ட சித்திரை, கோடை மழை பெய்த மறுவாரம் என்று பருவத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும், பகலிலும் இரவிலும் அளக்க வேண்டும். கழிவுநீர் கலவாத ஒரு மானாவாரி ஏரி, கழிவுநீர் தேங்கும் ஒரு புறநகர் ஏரி, பறவை எச்சத்தால் வளம் பெறும் வேடந்தாங்கல், இராமநாதபுரத்துக் கண்மாய் ஒன்று, பள்ளிக்கரணை ஆகியவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டாலே பெரும் தெளிவு கிடைக்கும். பள்ளிக்கரணையில் பெருங்குடி குப்பைமேடும் அருகிலேயே இருப்பதால், எது சதுப்பின் பங்கு, எது குப்பையின் பங்கு என்று பிரித்தறிவதற்கும் மாதவாரி அளவீடு பெரிதும் துணைசெய்யும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கும் விடை உண்டு. 2017 முதல் சுற்றிவரும் சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோப்போமி கருவி மீத்தேனைக் காண்பது, நிலத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைக் கொண்டே. மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. நீர்ப்பரப்பின் மேலும் அதன் பார்வை மங்கல். நம் ஏரிகள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் வானமே மேகமாக இருப்பதால், எந்த மாதங்களின் அளவு நமக்குக் கட்டாயம் வேண்டுமோ அவையே விடுபட்டுப்போகும்.

நம் மண்ணில் நாமே அளப்பதன் பயனை இந்தியா ஒரு முறை நேரடியாகக் கண்டிருக்கிறது. 1990-ஐ ஒட்டி, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 37 மில்லியன் டன்னுக்கு மேல் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது. 1991-இல் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று, நாட்டின் பல பகுதி வயல்களில் அளவீடுகளை நடத்தியபோது, உண்மையான அளவு சுமார் 4 மில்லியன் டன் மட்டுமே என்று தெரியவந்தது. பிற இடங்களின் எண்களை நம் நிலத்தின் மேல் ஏற்றியதால் வந்த பிழை அது. நெல்வயலுக்குச் செய்ததை ஏரிக்கும் செய்ய இயலாது என்று நான் நினைக்கவில்லை.

கோடையில் உழவர்கள் ஏரி வண்டலை எடுத்து வயலுக்கு இடும் பழக்கத்தையும் இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம். மட்கிய கரிமம் மிகுந்த மேல்சேறு வெளியே போனால், அடுத்த ஆண்டு மீத்தேனுக்கான மூலப்பொருள் குறைய வாய்ப்பு உண்டு. குடிமராமத்துப் பணி நடந்த ஏரியிலும் நடக்காத ஏரியிலும் அளந்து ஒப்பிடுவது செலவு மிகுந்த காரியமன்று. மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல், தாவரவியல் துறை மாணவர்களே பயிற்சி பெற்று இதைச் செய்யலாம்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, ஏரிகள் வறண்டிருக்கும் நிலையில் முதல் அளவை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் இன்னும் ஓராண்டு வீணாகும். நீர்வளத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் எந்தெந்த ஏரிகளுக்குள் எந்தெந்த வாய்க்கால் வழியே கழிவுநீர் வருகிறது என்ற பட்டியலை அதே காலத்துக்குள் வெளியிட்டால், இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க முடியும். மாதவாரி அளவுகளை ஏரியின் பெயரோடு தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு தமிழ்நாடு ஈரநில இயக்கத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.