தட்டைப் பாதமும் கால் வலியும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகும் கதிருக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் வலி கண்டிருப்பதையும், ஷூ வாங்கப்போன கடையில் அவன் பாதத்தைப் பார்த்து, "தட்டைப் பாதம், அதனால்தான் வலி, ராணுவத்திலும் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லி அனுப்பியதையும் படித்தேன். நீங்கள் இருவரும் கலங்கியிருப்பது வரிக்கு வரி தெரிகிறது. பிசியோதெரபி என் அன்றாட வேலை என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளங்காலின் வளைவு தாழ்ந்து தரையோடு படிந்திருக்கும் தட்டைப் பாதம் என்பது தன்னளவில் ஒரு நோய் அன்று. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. பாதத்தின் வளைவு சற்றே தாழ்ந்து உட்பக்கம் சாய்வதால் அதில் ஒரு பகுதி அங்கேயே தணிகிறது. வளைவு மிகுதியாகத் தாழ்ந்தால் அதைத் தாங்கும் கெண்டைக்கால் தசைகளுக்கு உழைப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வளைவு மிக உயர்ந்து விறைத்திருக்கும் பாதமும் பாதுகாப்பானதன்று. அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரை வைத்து 1993இல் வெளிவந்த ஆய்வில், தட்டையான பாதத்தினருக்கே காயம் குறைவாகவும், வளைவு உயர்ந்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. கதிர் போக விரும்பும் பாதையிலேயே சென்றவர்களிடம் கண்டது என்பதால் இதை உனக்குச் சொல்கிறேன்.

அதற்காகப் பாதத்தின் அமைப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இது குறித்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி 2014இல் வெளியான மதிப்பாய்வு, உட்சாய்ந்த பாதம் உடையவர்களுக்குக் கதிருக்கு வந்திருக்கும் இதே எலும்போர வலியும், முழங்கால் சில்லைச் சுற்றிய வலியும் வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்றது. கூடவே, அந்தப் பங்கு சிறியது என்றும் சொன்னது. அதே ஆண்டு டென்மார்க்கில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்ததில், மிதமாக உட்சாய்ந்த பாதத்தினருக்குக் காயம் கூடியதாகத் தெரியவில்லை.

என் கண்ணுக்குப் பெரிய காரணமாகப் படுவது உன் கடிதத்தில் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: ஆள்சேர்ப்புத் தேதி தெரிந்ததும் அவன் காலையில் ஓடியது போதாதென்று மாலையிலும் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கினான் என்பது. புதிய சுமை விழும்போது எலும்பு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது; ஆனால் அந்த வேலையில் பழைய பகுதி முதலில் கரைக்கப்பட்டு, அதன் பிறகே புதியது கட்டப்படுகிறது. இடைப்பட்ட வாரங்களில் எலும்பு வழக்கத்தைவிட வலுக்குறைந்து நிற்கிறது. சரியாக அந்த நேரத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் பாதம் எப்படியிருந்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் நீ உடனே பார். எலும்போரமாக நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் தணியும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளுகிற வலியாகவோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாததாகவோ, இரவில் படுத்திருக்கும்போதும் விடாததாகவோ இருந்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அப்போது ஓட்டத்தை அடியோடு நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டு. தொடக்கத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அவன் மறுநாளே மைதானத்துக்குப் போய்விடக் கூடாது.

ராணுவத் தகுதியைப் பற்றிய பயத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. அவனை வெறுங்காலில் நுனிக்காலில் நிற்கச் சொல். அப்போது வளைவு எழுந்து தெரிந்து, பாதம் இளக்கமாகவும் வலியின்றியும் இருந்து, நுனிக்காலில் அவனால் நன்றாக ஓடவும் முடிந்தால், அத்தகைய பாதத்தை நம் ராணுவத்தின் மருத்துவ விதிகளே ஏற்கின்றன. எழாமல் விறைத்தே இருந்தால்தான் சிக்கல்.

விலையுயர்ந்த ஷூவை இப்போது வாங்க வேண்டாம். அமெரிக்கப் படைகளில் பாத வடிவத்துக்கேற்ப ஷூ தேர்ந்து கொடுத்துப் பார்த்தும் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. காலுக்கு இதமாக, விரல்களை நெருக்காமல் இருப்பது போதும். ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் இன்சோலால் பயிற்சி வீரர்களுக்கு ஓரளவு பலன் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆகவே தேவைப்பட்டால் விலை குறைந்த ஆயத்த இன்சோல் ஒன்றைப் பிறகு போட்டுப் பார்க்கலாம்.

விரிசலுக்கான அறிகுறி இல்லையென்றால் இரண்டு வாரம் ஓட்டத்துக்குப் பதிலாகச் சைக்கிள் ஓட்டட்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்யட்டும். நடந்தால் வலி இல்லை என்றானபின் மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், முன்பு ஓடியதில் பாதி தூரத்திலிருந்து தொடங்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பிவை. இப்போது போடும் ஷூவையும் எடுத்துவரச் சொல், அதன் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆள்சேர்ப்புத் தேதி என்றைக்கு என்பதை மறக்காமல் எழுது. மீதமுள்ள வாரங்களைக் கணக்கிட்டே அவனுக்குப் பயிற்சியை வகுக்க முடியும்.

அன்புடன்,
ராகவன்